சென்னைக்குப் படிக்க வந்திருக்கிறீர்களா? முதல் செமஸ்டரைத் தாக்குப்பிடிக்க ஒரு வழிகாட்டி

முதலாமாண்டு மாணவர் யாராவது வந்து "ஒரே ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்று நின்றால், நான் முதலில் கேட்பது "காலையில எத்தனை மணிக்கு பஸ் ஏறுறீங்க?" என்பதைத்தான். அடுத்த கேள்வி, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள். மூன்றாவது, கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டீர்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும்போதே சிக்கல் எங்கே இருக்கிறது என்று பலருக்குப் பிடிபட்டுவிடுகிறது.

வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஒரே மாதத்தில் தண்ணீர் மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, படுக்கிற இடம் மாறுகிறது, பாடம் நடக்கும் மொழி மாறுகிறது. பள்ளியில் கூடப் படித்தவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. உடம்பும் மனசும் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். அதனால் தியானம், நேர்மறைச் சிந்தனை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அன்றாடத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அன்றாடம் ஒழுங்காகாமல் தியானம் செய்ய உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

1. எது படுத்துகிறது என்று எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கம் போதும். மனதில் வருவதை அப்படியே எழுதுங்கள். "மெஸ் சாப்பாடு ஒத்துக்கல. பிசிக்ஸ் ரெக்கார்டு ரெண்டு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி. மேத்ஸ் மேடம் பேசுற வேகம் புரியல. அப்பாகிட்ட எக்ஸாம் ஃபீஸ் கேட்கணும். ரூம்மேட் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் ஆடுறான்." இப்படி.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு குறிப்புப் போடுங்கள்: இந்த வாரமே நானே முடிக்கக்கூடியது, யாரிடமாவது கேட்க வேண்டியது, இப்போதைக்கு என் கையில் இல்லாதது. ரெக்கார்டு முதல் வகை. ரூம்மேட்டும் மேத்ஸும் இரண்டாவது. மெஸ் சாம்பார் மூன்றாவது வகை என்று வைத்துக்கொள்ளலாம், அதை யாராலும் மாற்ற முடிந்ததில்லை. மலைபோலத் தெரிந்தது ஐந்தாறு வேலைகளாக உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

2. பயண நேரத்தைக் கணக்கில் சேருங்கள்

சென்னையில் இதைக் கவனிக்காமல் டைம்டேபிள் போடுகிறவர்கள் அடுத்த வாரமே அதைக் கிழித்துப் போடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ கல்லூரி, வீடு பெரம்பூரில் என்றால், ஆறேகால் மணிக்குக் கல்லூரிப் பேருந்து நிற்கும் முனையில் இருக்க வேண்டும். அதற்கு ஐந்து மணிக்கு எழ வேண்டும். சாயங்காலம் வீட்டு வாசலை மிதிக்கும்போது ஆறரை. கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்தால் எட்டு. அப்படியானால் படிக்க இருப்பது எட்டிலிருந்து பத்து வரைதான். இந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குகிற திட்டம் போடுங்கள். "தினமும் ஐந்து மணி நேரம் படிப்பேன்" என்று எழுதி ஒட்டிவிட்டு, முடியாமல் போன ஒவ்வொரு இரவும் தன்னையே திட்டிக்கொள்வது வீண் வேலை.

காலைப் பேருந்தில் தூங்குங்கள். குலுங்குகிற வண்டியில் நோட்டைப் பார்த்தால் தலைவலிதான் மிச்சம். திரும்பும்போது புத்தகத்தைத் திறக்காமல் இன்று முதல் பீரியடில் என்ன நடந்தது, இரண்டாவதில் என்ன நடந்தது என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். எங்கே ஒன்றும் நினைவுக்கு வரவில்லையோ, அந்தப் பாடத்தைத்தான் ராத்திரி எடுக்க வேண்டும்.

தனியே அறை எடுப்பவர்கள் வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்லூரிக்கு நடந்து போகிற தூரம் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரம். லயோலாவுக்கு நுங்கம்பாக்கம் நிலையம், மாநிலக் கல்லூரிக்குச் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் என்று நகரத்துக்குள் இருக்கும் பல கல்லூரிகளுக்கு ரயில் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லூரியில் சான்று வாங்கிக் கொடுத்தால் மாணவர்களுக்கான சீசன் டிக்கெட் சலுகைக் கட்டணத்தில் கிடைக்கும். அண்ணா சாலை நெரிசலில் பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்பதைவிட மின்சார ரயிலில் நேரத்துக்குப் போய் இறங்குவதே மனதுக்குப் பாதி நிம்மதி.

3. தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. பகலில் படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது. ஆகவே விடிய விடியப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறவர், படித்ததைப் பதியவிடாமலே போகிறார்.

விடுதிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பத்து மணிக்கு மேல் "வாடா, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்று கிளம்புவது. அரட்டைக்குப் போங்கள், தப்பே இல்லை. டீ மட்டும் வேண்டாம், பால் குடியுங்கள். காபியிலும் டீயிலும் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். பத்தரைக்குக் குடித்த டீயில் பாதி அதிகாலை மூன்றரைக்கும் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். படுத்தும் தூக்கம் வராமல் செல்போனைத் தடவுவது அதனால்தான். அப்புறம் "எனக்கு இன்சோம்னியா" என்று ஒரு பெரிய பெயரும் வைத்துக்கொள்வோம்.

அந்தச் செல்போனை எட்டாத தூரத்தில் சார்ஜ் போடுங்கள். அதைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள்.

4. இங்கிலீஷ் வகுப்பில் உட்காருவது எப்படி

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்து ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்தான் இங்கே அதிகம் உடைந்து போகிறார்கள். ஊரில் முதல் மாணவி. இங்கே கடைசி பெஞ்ச். கேள்வி கேட்டால் பதில் தெரியும், வாய் வராது. இரண்டு வாரம் இப்படிப் போனால் "நமக்கு மண்டையில ஒண்ணும் இல்ல போல" என்று தோன்ற ஆரம்பிக்கும். பாடம் தெரியாததும் மொழி பழகாததும் ஒன்றாகக் குழம்பிவிடுகிற இடம் இது. பிரித்துப் பாருங்கள். நியூட்டனின் விதி உங்களுக்குத் தெரியும். அதை இங்கிலீஷில் சொல்கிற பழக்கம்தான் இல்லை. பழக்கம் சில மாதங்களில் வந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. நாளைக்கு நடக்கப்போகும் பாடத்தை முதல் நாள் ராத்திரி பதினைந்து நிமிடம் புரட்டுங்கள். புரிய வேண்டியதில்லை, தலைப்புகளும் கலைச்சொற்களும் கண்ணில் பட்டால் போதும். ஒரு சின்ன நோட்டில் இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல். முடுக்கம், திசைவேகம், வினையூக்கி என்று உங்களிடம் ஏற்கெனவே இருப்பதோடு கோத்துவிடுங்கள். மறுநாள் அதே சொல் வகுப்பில் காதில் விழும்போது மிரட்டாது. பெரும்பாலான பாடங்களில் ஒரு அலகுக்கு முப்பது நாற்பது சொற்கள் பிடிபட்டாலே மீதி ஓடிவிடும்.

வகுப்பில் முன்வரிசையில் உட்காருங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய்த் தமிழிலேயே கேளுங்கள். சென்னையில் பாடம் எடுப்பவர்களில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஏராளம். முகம் சுளிப்பவர் ஒருவர் இருந்தால் உட்கார வைத்துச் சொல்லித்தருபவர் நான்கு பேர் இருப்பார்கள். யூடியூபில் தமிழில் பாடம் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. சென்னை ஐஐடி முன்னின்று நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்களில் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. கலை அறிவியல் கல்லூரியில் இருப்பவர்கள், உங்கள் பாடத்தில் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தேர்வில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றால் குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள். படம் போட்டுப் பாகம் குறித்து, படிப்படியாக எண் போட்டு எழுதிய விடைக்கு மதிப்பெண் குறையாது. அழகான இங்கிலீஷுக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

5. இன்டர்னல், அட்டெண்டன்ஸ், அரியர்

விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் பயப்படுவதுதான் முதலாமாண்டின் பெரும்பகுதிப் பயம். பல கல்லூரிகளில் 75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள். உடம்பு சரியில்லாமல் குறைந்தால் மருத்துவச் சான்றிதழோடு கொஞ்சம் விலக்குக் கிடைக்கும். சதவீதத்தைப் பாடத்துக்குப் பாடம் பார்க்கிறார்களா, மொத்தமாகப் பார்க்கிறார்களா என்று முதல் வாரமே கேளுங்கள். "அட்டெண்டன்ஸ் லாக் ஆயிடும்டா" என்று சீனியர் சொல்வதை நம்பி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அலுவலகத்தில் போய் உங்கள் கணக்கைப் பாருங்கள்.

வினாத்தாளின் அமைப்பையும் அதே வாரம் வாங்கிவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. ஆக, பழைய வினாத்தாள்களை வைத்து இரண்டு மதிப்பெண் கேள்விகளைத் தினமும் ஐந்து, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது நல்ல தொடக்கம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவதுதான் அதிகம் நிற்கும். இன்று எழுதியதை மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை எழுதுங்கள்.

அரியர் விழுந்தால், அதாவது ஒரு பாடத்தில் தேறாமல் போனால்? அடுத்து வரும் தேர்வில் எழுதலாம். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களில் பல, ஆள் எடுக்கும் நாளில் பாக்கி அரியர் இருக்கக் கூடாது என்றுதான் பார்க்கும். எப்போதுமே அரியர் இருந்திருக்கக் கூடாது என்பவையும் உண்டு, ஆனால் எல்லாமும் அப்படி இல்லை. வீட்டில் மறைக்காதீர்கள். மறைத்து வைத்திருக்கும் அரியர், எழுத வேண்டிய அரியரைவிட அதிகம் தின்னும்.

ஒரு சென்னைச் சங்கதி: நவம்பர், டிசம்பர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தேர்வுகள் தள்ளிப்போயின. அதனால் கலெக்டர் விடுமுறை அறிவிப்பை எதிர்பார்த்து டிவி முன் உட்காருவது ஊர்வழக்கமாகிவிட்டது. தேர்வு நடக்கும் என்றே வைத்துக்கொண்டு படியுங்கள். நோட்டுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள், பவர் பேங்க்கை நிரப்பி வையுங்கள். தரைத்தள அறை என்றால் சான்றிதழ்கள் பரண்மேல் இருக்கட்டும்.

6. காசும் சாப்பாடும்

இருபதாம் தேதிக்கு மேல் பலருக்கு வருகிற படபடப்புக்கு மருந்து மருத்துவமனையில் இல்லை. வீட்டிலிருந்து வரும் பணத்தை வாரக் கணக்காகப் பிரியுங்கள். கூகுள் பேயில் பத்தும் இருபதுமாகப் போவது கண்ணில் படாது, எனவே அந்த வாரப் பணத்தில் ஒரு பகுதியை நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-லும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கின. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகையையும் கேளுங்கள். மாதக் கடைசியில் அம்மா உணவகம் இருக்கிறது, ஒரு ரூபாய்க்கு இட்லி. அங்கே சாப்பிடுவதில் என்ன வெட்கம்.

செல்போனில் உடனடிக் கடன் தரும் செயலிகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, போட்டோவை வைத்து மிரட்டுகிறார்கள் என்றால் மேலும் பணம் கட்ட வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

எப்போதும் சோர்வு, படியேறினால் மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்றால் அதையும் ஸ்ட்ரெஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பெண்களில் பலருக்கு அது ரத்தசோகையாக இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

7. மனிதர்கள்

வீட்டுக்கு ஒரே நேரத்தில் பேசுங்கள். நினைத்தபோதெல்லாம் பேசினால் அம்மாவின் "சாப்பிட்டியா?"வுக்கே கண் கலங்கும். பேசாமலே இருந்தால் அவர்கள் கலங்குவார்கள். எட்டரை மணி என்று வைத்துக்கொண்டால் இருபக்கமும் நிம்மதி. முதல் இரண்டு மாதம் வாரா வாரம் ஊருக்கு ஓடாதீர்கள். இங்கே கழிக்கிற சனி ஞாயிறில்தான் நண்பர்கள் கிடைப்பார்கள்.

ரூம்மேட்டிடம் கோபம் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். "பதினோரு மணிக்கு மேல ஹெட்போன் போட்டுக்கோ மச்சி, எனக்கு அஞ்சு மணிக்கு எழணும்" என்று சாதாரணமாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

சீனியர்களில் நல்ல அண்ணன், அக்கா ஒருவர் கிடைத்தால் அது பெரிய பலம். ஆனால் ராகிங்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1996-ல் சிதம்பரத்தில் நடந்த மருத்துவ மாணவர் கொலைக்குப் பிறகு, 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. தேசிய உதவி எண் 1800-180-5522.

8. மூச்சு, நடை, கடல்

தேர்வறை வாசலில் நெஞ்சு படபடக்கிறதா? நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும். திடீரென்று மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று வருகிற பீதியும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். முதல் தடவை வந்தால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நடக்கப் போவதென்றால் மெரினாவைவிடப் பெசன்ட் நகரும் திருவான்மியூரும் எனக்குப் பிடிக்கும், கூட்டம் கொஞ்சம் குறைவு. பெண்கள் விடுதிகளில் கேட் சீக்கிரம் மூடிவிடுவதால் காலை நடை வசதி. (பையன்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம் என்கிற இந்த ஏற்பாடு எரிச்சலூட்டுவதுதான்.) அறையில் படிக்க முடியாதவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது, பறக்கும் ரயில் நிலையமும் பக்கம்.

9. இதற்கும் அடங்காதபோது

மேலே சொன்னதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்தே கிடந்தால், பிடித்த எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் தாறுமாறானால், உதவி கேட்க வேண்டிய நேரம் அது. சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேசுங்கள்.

14416 டெலிமானஸ் எண். 2022-ல் தொடங்கிய அரசின் மனநல உதவிச் சேவை, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பார்கள். இவற்றை இப்போதே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

நேரில் போக வேண்டுமென்றால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-லிருந்து இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டல் செய்தே அந்த இடத்தைப் பூச்சாண்டியாக்கி வைத்திருக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் மற்ற அரசு ஆஸ்பத்திரி போலத்தான், சீட்டு, வரிசை, டாக்டர், மாத்திரை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், மருத்துவர் கல்லூரிக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

நண்பர் ஒருவர் "இனிமே நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரிப் பேசினால், விளையாட்டாக எடுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினாலும் வார்டனிடமோ, நம்பிக்கையான ஆசிரியரிடமோ, வீட்டிலோ சொல்லிவிடுங்கள். ஆபத்தான நிலை என்றால் 108-ஐ அழையுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே எந்த நேரமும் பார்ப்பார்கள். சாதாரண ஆலோசனைக்கு என்றால் ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) காலையில்தான். எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், கல்லூரி அடையாள அட்டையும் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதன் அட்டையும் கையில் இருக்கட்டும்.